தலைப்பேனும் தலைகுனிவும்

வரலாறு என்றதும் முடிசூடிய மன்னர்களும் அவர்தம் படையெடுப்புகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அம்முடிகளுக்கு அடியில் குடியிருந்து, அரசனையும் ஆண்டியையும் ஒப்பக் கடித்து வாழ்ந்த ஒரு சிற்றுயிருக்கும் வரலாறு உண்டு. தலைப்பேனே அது. எள்ளளவே உள்ள இவ்வுயிரைப் பற்றி இலக்கியத் திங்களிதழில் எழுதுவதா எனச் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அந்த முகச்சுளிப்பைப் பற்றியதே இக்கட்டுரை. பள்ளி செல்லும் நம் பிள்ளைகளின் தலையில் பேன் நிலைத்திருப்பதற்கு அழுக்கைக் காட்டிலும் பெரிய காரணம், அதைப் பற்றி வாய்திறக்க நாம் கொள்ளும் வெட்கமே ஆகும். வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

'ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது' என்றொரு வழக்குத் தமிழில் உண்டு. சிறு செய்தியை ஊதிப் பெரிதாக்குவோரை இடித்துரைக்க எழுந்தது அது. நம் இல்லங்களில் நடப்பதோ வேறு. ஈறாக இருக்கும் காலத்தில் பாராமல் விட்டுவிட்டு, பேனாகிப் பெருகிய பின்னர்ப் பிள்ளையை ஏசுகின்றோம். ஏசப்பட்ட பிள்ளை அடுத்த முறை அரிப்பை மறைக்கக் கற்றுக் கொள்கின்றது.

தந்தச் சீப்பு தரும் செய்தி

பேனும் மனிதனும் மிகப் பழைய தோழர்கள். வடகிழக்குப் பிரேசிலில் கிடைத்த, சுமார் 10,000 ஆண்டுகள் பழமையான மனிதத் தலைமயிரில் ஈறு ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எகிப்தில் பாடம் செய்து வைக்கப்பட்ட பிணங்களின் தலைகளிலும் பேன்கள் கிடைத்துள்ளன. அந்நாட்டுப் பூசாரிகள் பேன் அண்டாதிருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் முழுவதையும் மழித்துக் கொண்டனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார்.

பைத்துல் முகத்தஸுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் லாகிஷ் என்னும் பண்டை நகரின் இடிபாட்டு மேடு உள்ளது. அங்கு 2016-ஆம் ஆண்டு நடந்த அகழ்வாய்வில் யானைத் தந்தத்தாலான சிறு சீப்பு ஒன்று கிடைத்தது. அதன் நீளம் நான்கு சென்டிமீட்டர் கூட இல்லை. ஒருபுறம் சிக்கெடுக்க 6 பருத்த பற்கள்; மறுபுறம் பேன் வார 14 நுண்ணிய பற்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 2021-ல், மடலீன் மும்சுவோக்லு என்னும் பெண் ஆய்வாளர் அதன்மேல் மெல்லிய கீறல் எழுத்துகள் இருக்கக் கண்டார். ஆய்வு முடிவு 2022-ல் வெளியாயிற்று. கனானிய மொழியில் 17 எழுத்துகள், 7 சொற்கள். தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் அடியோடு களைய வேண்டும் என்னும் விருப்பமே அவற்றின் பொருள். சீப்பின் காலம் ஏறத்தாழக் கி.மு. 1700 என்று கணித்துள்ளனர். அகரவரிசை எழுத்தில் இதுகாறும் கிடைத்த முழு வாக்கியங்களுள் மிகத் தொன்மையானது இதுவே என்பது ஆய்வாளர் கருத்து.

இச்சீப்பில் நாம் கருதத்தக்க செய்தி இரண்டு. அக்காலத்துக் கனானில் யானை இல்லை. எனவே தந்தம் அயல்நாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த பண்டம். அதனை வாங்கி வைத்திருந்தவர் செல்வர். செல்வர் தலையிலும் பேன் இருந்தது என்பது ஒன்று. அதனை அவர் மறைக்கவில்லை. சீப்பின் மேலேயே எழுதி வைத்தார் என்பது மற்றொன்று. நம் தமிழகத்துக் கீழடியிலும் தந்தச் சீப்புக் கிடைத்துள்ளது. ஈறும் பேனும் எடுக்கும் கருவிக்கென்றே ஈர்கொல்லி, ஈருளி எனத் தனிப்பெயர்கள் தமிழில் வழங்கின. ஒரு கருவிக்குத் தனிப்பெயர் இருப்பின் அது வீட்டில் நாளும் புழங்கிய பொருள் என்பது வெளிப்படை.

ஹுதைபிய்யாவில் ஓர் அடுப்பருகே

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு (கி.பி. 628) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் உம்ராச் செய்யும் நோக்கத்தில் இஹ்ராம் உடுத்தி மக்கமாநகர் நோக்கிச் சென்றார்கள். குறைஷியர் தடுக்கவே ஹுதைபிய்யாவில் தங்க நேர்ந்தது. அங்கு நடந்த உடன்படிக்கையை நாம் அனைவரும் அறிவோம். அதே இடத்தில் நடந்த மற்றொரு சிறு நிகழ்ச்சியை நம்மில் பலர் கருத்தூன்றிப் பார்ப்பதில்லை.

கஃப் பின் உஜ்ரா (ரலி) என்னும் தோழர் அடுப்பு மூட்டிக் கொண்டிருந்தார். அவர் தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்த வண்ணம் இருந்தன. இஹ்ராமில் இருப்பவர் முடி களைதல் ஆகாது. அவ்வழியே வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் இக்காட்சியைக் கண்டார்கள். முகம் சுளிக்கவில்லை, அவரை விலகி இருக்கச் சொல்லவுமில்லை. அவை உமக்குத் துன்பம் தருகின்றனவா என்று பரிவோடு வினவினார்கள். ஆம் என்றார் தோழர். தலையை மழித்துக் கொள்ளுமாறும், அதற்கு ஈடாக மூன்று நாள் நோன்பு நோற்கவோ, ஆறு ஏழைகளுக்கு உணவளிக்கவோ, ஓர் ஆட்டைக் குர்பானி கொடுக்கவோ செய்யலாம் என்றும் பணித்தார்கள். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 196-ஆம் வசனம், தலையில் துன்பமுடைய இஹ்ராமிகளுக்கு இச்சலுகையை நிலைபெறச் செய்தது.

பல்லாண்டுகள் சென்றன. கூஃபா நகரப் பள்ளிவாசலில் கஃப் (ரலி) அவர்கள் அமர்ந்திருக்கையில், அப்துல்லாஹ் பின் மஃகில் என்பவர் அருகில் வந்து இந்த ஈட்டைப் பற்றிக் கேட்டார். அத்தோழர் தம் தலையிலிருந்து பேன் உதிர்ந்த செய்தியை ஒளிக்காமல் உரைத்தார். இவ்வசனம் தம் பொருட்டே இறங்கியது என்றும், ஆயினும் அது எல்லோர்க்கும் பொதுவானது என்றும் கூறினார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகி, பதினான்கு நூற்றாண்டுகளாக மார்க்க அறிஞர்கள் ஓதியும் ஓதுவித்தும் வரும் ஹதீஸ் இது. ஒரு நபித்தோழர் பள்ளிவாசலில் அமர்ந்து சொன்ன செய்தியை, இன்று ஒரு தாய் தன் மகளின் ஆசிரியையிடம் சொல்ல வெட்கப்படுகின்றாள் என்றால் அவ்வெட்கம் எங்கிருந்து வந்தது?

தலைவாருதலும் நம் மார்க்கத்தில் இழிந்த வேலையாகக் கருதப்படவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் இஃதிகாஃப் இருக்கையில் பள்ளிவாசலிலிருந்தே தம் திருத்தலையை வீட்டின் பக்கம் நீட்டித் தர, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாரிவிட்டதாக ஹதீஸ் கூறுகின்றது. முடி வைத்திருப்பவர் அதனைப் பேணிக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பதும் நபிமொழி.

அழுக்கில் பிறப்பதா?

வெட்கத்தின் ஒரு வேர், பேன் அழுக்கில் தானே பிறக்கின்றது என்ற பழைய கொள்கை. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், பேன் உயிர்களின் சதையிலிருந்தே தோன்றுவதாக எழுதினார். அக்கருத்துப் பன்னூற்றாண்டுகள் நிலவியது. ஆனால் கூர்ந்து நோக்கியோர் நம்மவரிலும் இருந்தனர். ஹிஜ்ரி 255-ல் மறைந்த பஸரா நகரத்து அல்-ஜாஹிஸ், 'கிதாபுல் ஹயவான்' என்னும் தம் பெருநூலில், கருந்தலையில் பேன் கருமையாகவும் நரைத்த தலையில் வெண்மையாகவும் காணப்படுவதைக் குறிப்பிட்டார். பேன் எளிதில் கண்ணுக்குத் தென்படாமைக்கு அதன் நிறமும் ஒரு காரணம் என்பதை நம் தாய்மார் நினைவிற்கொள்வது நன்று.

1665-ல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலில், மனித மயிரொன்றைப் பற்றிக் கொண்டிருக்கும் பேனின் உருவத்தை நுண்ணோக்கியில் கண்டவாறு பெரிய மடிப்புத் தாளில் வரைந்து காட்டினார். 1668-ல் இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியில் புழு தானே தோன்றுவதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே வருகின்றது என்று சோதனையால் நிறுவினார். ஹாலந்தின் ஸ்வாமர்டாம் பேனை அறுத்து ஆராய்ந்து, அதன் உறுப்பமைப்பில் படைத்தவனின் கைவண்ணத்தைக் கண்டு வியந்து 1678-ல் கடிதம் எழுதினார். அழுக்கிலிருந்து பேன் பிறப்பதில்லை. பேனிலிருந்தே பேன் பிறக்கின்றது. நாள்தோறும் குளிக்கும் பிள்ளையின் தலையிலும், பேனுள்ள மற்றொரு தலை ஒட்டினால் அது வந்து சேரும்.

பின் ஏன் அழுக்கின் பழி பேனை விட்டு நீங்கவில்லை? பேனில் வகை உண்டு. தலைமயிரில் வாழ்வது ஒன்று. துவைக்காத ஆடையின் தையல்மடிப்பில் வாழ்வது மற்றொன்று. போர்களிலும் சிறைகளிலும் கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொன்ற டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பியது இந்த ஆடைப்பேனே. அதனை நிறுவியவர் தூனிஸ் நகரப் பாஸ்டர் நிலையத் தலைவராக இருந்த சார்லஸ் நிக்கோல். நோயாளிகள் மருத்துவமனை வாயில் வரையில் பிறருக்கு நோயைத் தந்தனர். குளிப்பாட்டி, பழைய ஆடையை அகற்றி, உள்ளே படுக்க வைத்தபின் அவர்களிடமிருந்து நோய் பரவவில்லை. வாயிலில் கழற்றப்பட்ட ஆடையிலேயே காரணம் இருக்க வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்து, 1909-ல் சோதனையால் மெய்ப்பித்தார். 1928-ல் நோபல் பரிசு பெற்றார். ஆடைப்பேனுக்கு உரிய அச்சமும் இழிவும் ஒரு பாவமும் அறியாத தலைப்பேனுடைய பிள்ளைகள் மீதும் ஏறிக் கொண்டன. தலைப்பேன் அரிப்பைத் தரும். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கலாம். மற்றபடி பள்ளிகளில் அது கொள்ளைநோய் எதனையும் பரப்புவதாக நிறுவப்படவில்லை.

ஆங்கிலப் பள்ளிகள் புகட்டிய பாடம்

வெட்கம் பேனுக்கு எவ்வாறு அரண் ஆகின்றது என்பதற்கு இங்கிலாந்தின் பள்ளி வரலாறு தக்க சான்று. அந்நாட்டில் 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடக்கப்பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை தொடங்கியது. 1908-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், பேனுள்ள பிள்ளையைப் பெற்றோர் தூய்மைப்படுத்தத் தவறின் கல்வி ஆட்சியினரே கட்டாயமாகத் தூய்மைப்படுத்தலாம் என அதிகாரம் அளித்தது. பள்ளிதோறும் தாதியர் தலை பார்த்தனர். 'ஈறு பார்க்கும் தாதி' என்று பிள்ளைகள் அவர்களுக்குப் பட்டம் சூட்டினர். ஆண்டறிக்கைகளில் பேனுள்ள பிள்ளைகளின் தொகை குறைந்து கொண்டே வந்தது. அதிகாரிகளும் மகிழ்ந்தனர்.

1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சி, முதல் சில நாட்களிலேயே ஏறத்தாழ 15 இலட்சம் பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் தாய்மாரும், நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்ற இல்லத்தார் பிள்ளைகளின் தலைகளைக் கண்டு திடுக்கிட்டனர். நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. உண்மை நிலையை அறிய கென்னத் மெல்லன்பி என்னும் பூச்சியியல் அறிஞர் பணிக்கப்பட்டார். பள்ளிப் பதிவேடுகளை அவர் நம்பியிருக்கவில்லை; திடீர் நோயால் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தார். திடீரென வரும் பிள்ளையின் தலையை முன்னதாக வாரிச் சீர்செய்து வைக்க யாருக்கும் நேரம் இராதல்லவா? முடிவு 1941-ல் வெளியாயிற்று. தொழில் நகரங்களில் சிறுமியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தலையில் பேன் இருந்தது. பள்ளி அறிக்கைகள் காட்டியதோ அதில் சிறு பங்கே!

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமும் தாதியும் தண்டனையும் இருந்தும் பேன் ஒழியவில்லை; பேனைப் பற்றிய உண்மைதான் ஒளிந்து கொண்டது. பேன் கண்ட வீட்டுக்கு அவமானம் காத்திருக்கையில், எந்தத் தாய் தானே முன்வந்து கூறுவாள்?

நஞ்சு தந்த ஏமாற்றம்

வெட்கம் மிகுந்த இடத்தில் மனிதன் விரைவான மருந்தைத் தேடுகின்றான். அரபு மருத்துவர்கள் மலைத்திராட்சை எனப் பெயரிட்ட ஒரு நச்சுச் செடியின் விதையைப் பேனுக்குப் பயன்படுத்தினர். பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. 1939-ல் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டார். 1944-ன் தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீது அப்பொடி தூவப்பட்டு டைஃபஸ் அடக்கப்பட்டது. 1948-ல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாண்டுகள் செல்லுமுன் கொரியப் போர்க்களத்தில் அதே பொடிக்குச் சாகாத ஆடைப்பேன்கள் தோன்றிவிட்டன. அடுத்து வந்த பெர்மெத்ரின் போன்ற மருந்துகளையும் 1990-களிலிருந்து பல நாடுகளில் தலைப்பேன்கள் எதிர்த்து நிற்கலாயின.

2005-ல் பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. கடைகளில் கிடைத்த பேன்மருந்தால் நூற்றுக்கு 13 பேருக்கே பேன் நீங்கியது. நுண்சீப்பால் ஈரத்தலையை முறையாக வாரியவர்களில் நூற்றுக்கு 57 பேர் குணமடைந்தனர். மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் லாகிஷ் நகரத்தார் நம்பிய கருவி, ஆய்வுக்கூட நஞ்சை வென்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசும் வழக்கம் உண்டு. அது பேனைக் கொல்லும் என்பது மெய்; கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும் என்பதும் மெய். நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் இதனைப் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். மண்ணெண்ணெய் தீப்பற்றும், மூச்சுக்குழலில் புகுந்தால் நுரையீரலைக் கெடுக்கும். கரப்பான், எறும்புக்கான மருந்துகளைப் பிள்ளையின் தலையில் தெளிப்பது பெருந்தீங்கு. இவற்றை அறவே விலக்க வேண்டும்.

கண்டறியும் முறை, காக்கும் முறை

வளர்ந்த பேன் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அது பறக்காது; தாவாது; ஊர்ந்தே செல்லும். எனவே தலையும் தலையும் ஒட்டுவதே அது பரவும் பெருவழி. ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்து எழுதும்போதும், ஓதும் பள்ளியில் ஒரே ரைஹாலில் இரு பிள்ளைகள் குனிந்து ஓதும்போதும், ஒரே பாயில் படுத்துறங்கும்போதும் அது இடம் பெயரும். தலையை விட்டு வீழ்ந்த பேன் ஓரிரு நாளில் மடியும். பெண்பேன் ஏறத்தாழ ஒரு மாதம் வாழ்ந்து, நாளொன்றுக்கு எட்டு முட்டைகள் வரையில் மயிரின் அடியில் பசைபோல் ஒட்டி வைக்கும். அவை ஏழு முதல் பத்து நாட்களில் பொரியும்.

அரிப்பைக் கொண்டு மட்டும் அறியலாம் என்று காத்திருத்தல் கூடாது. முதன்முறை பேன் பற்றிய பிள்ளைக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் கூட ஆகலாம். அதற்குள் அது தோழியர் பலருக்குப் பரவிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை தலை பார்ப்பதை வீட்டு வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைக் குளிப்பு நம் பண்பாட்டில் நிலைத்த ஒன்று. அதனோடு இதனையும் சேர்த்துக் கொண்டால் மறதிக்கு இடமில்லை.

தலையை நனைத்து, எண்ணெயோ மயிரை மென்மையாக்கும் குழம்போ தடவி, முதலில் சிக்கெடுக்க வேண்டும். பின்னர் நல்ல வெளிச்சத்தில், மயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நுண்சீப்பை உச்சந்தலைத் தோலில் படுமாறு வைத்து நுனிவரை இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதின் பின்புறமும் பிடரியும் பேன் விரும்பித் தங்கும் இடங்கள். உதறினால் உதிர்வது பொடுகு. நகத்தால் இழுத்தாலன்றி வராதது ஈறு. தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள ஈறு பெரும்பாலும் பொரிந்த வெறுங்கூடே. உயிருள்ள பேன் ஒன்றைக் கண்டாலே பேன் உள்ளது என்று முடிவு செய்யலாம்.

பேன் கண்டால் வீட்டார் அனைவர் தலையையும் அன்றே பார்த்தல் வேண்டும். பாட்டி முதல் பாலகன் வரை எவரையும் விட்டுவிடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, பேன் தென்படாத நிலை உறுதியாகும் வரை குறைந்தது இரு வாரங்கள் வாரி வர வேண்டும். மருந்து வேண்டுமாயின் மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் இடவேண்டும். பல மருந்துகள் ஈற்றைக் கொல்லாதலின் ஏழு முதல் பத்து நாட்களில் மறுமுறை இடுதல் தேவைப்படும். தலையணை உறை, முக்காட்டுத் துணி, தொப்பி ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். வீட்டையே கவிழ்த்துக் கழுவ வேண்டியதில்லை. நீண்ட கூந்தலைப் பின்னிவிடுவதும், சீப்பையும் முக்காட்டையும் பிறரோடு பகிராதிருப்பதும் நல்ல காப்பு. சிறுமியின் தலையை அவள் மனம் நோக மழிப்பதற்குத் தேவை ஏதும் இல்லை.

இறுதியாக ஒன்று. தோழியின் வீட்டாருக்கும் ஆசிரியைக்கும் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கும் தயங்காமல் செய்தி தெரிவிக்க வேண்டும். ஒரு தலையில் மட்டும் வாரி ஒழித்த பேன், பக்கத்துத் தலையிலிருந்து மறுவாரமே திரும்பும். பேனைக் காரணமாக்கிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துதல் தேவையற்றது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2010-லும் மீண்டும் 2022-லும் தெளிவாக அறிவித்தது. பெண்கல்வியில் இன்னும் நெடுந்தூரம் செல்ல வேண்டிய நம் சமுதாயத்தில், எள்ளளவு உயிருக்காக ஒரு சிறுமியின் ஒருநாள் பாடமும் வீணாதல் ஆகாது. வகுப்பறையில் அவள் பெயரைச் சொல்லி எழுப்பி நிறுத்தும் ஆசிரியர், அவள் தலையிலுள்ள பேனைக் கொல்வதில்லை. மற்ற இருபது பிள்ளைகள் தம் அரிப்பை மறைக்கவே வழி செய்கின்றார்.

பேனுள்ள தோழரைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் கேட்டது, அது உமக்குத் துன்பம் தருகின்றதா என்பதே. நம் பிள்ளை தலையைச் சொறியும்போது நம் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய சொல்லும் அதுவே. அதன்பின் சீப்பை எடுத்துக் கொண்டு வெளிச்சத்தில் அமர்வோம். நம் மக்களை உடல்நலத்தோடும் மானத்தோடும் வாழச் செய்ய வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.